உரையில் இல்லாத பத்தி

அண்ணன் என்னிடம் கடைசியாகக் கேட்டது வொர்க்ஷாப் கழிவறைக் குழாயைப் பற்றி.

“பிளம்பர் வந்தானா?”

“பதினோரு மணிக்கு வரேன்னு சொல்லியிருக்கான்.”

“நேத்தும் அதே பதினோரு மணிதான் சொன்னான். எந்த வருஷத்துப் பதினோரு மணின்னு கேட்டு வை.”

கையில் டெலிவரி ஃபைலும் இரண்டு சாவிகளும் இருந்ததால், வொர்க்ஷாப்புக்கும் ஷோரூமுக்கும் நடுவே உள்ள கண்ணாடிக் கதவை இடுப்பால் தள்ளிக்கொண்டு போனார். ஒரு இளம் தம்பதி தங்கள் முதல் காரை எடுக்க வந்திருந்தார்கள். முதல் கார் வாங்குகிறவர்களுக்கு முதலாளியே சாவி கொடுப்பது அப்பா காலத்திலிருந்து எங்கள் கடையில் இருக்கும் பழக்கம். அண்ணன் சாவியைக் கொடுத்தார். பானட்டைத் திறக்கும் லிவர் எங்கே இருக்கிறது என்று காட்டக் குனிந்தார். நிமிரவில்லை. எதையோ கீழே போட்டுவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்து அந்தக் கணவனும் கூடவே குனிந்திருக்கிறான். “நானும் தேடினேன் சார், கொஞ்ச நேரம் நானும் தேடினேன்” என்று பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். அவனைத் தேற்றி அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அண்ணனுக்கு வயது அறுபத்தொன்று. அதற்குப் பத்தொன்பது நாள் முன்னால்தான் வணிகர் சங்கம் அவருக்கு விருது கொடுத்திருந்தது. தொழிலை நடத்திய விதத்துக்கும் சமூக சேவைக்கும் சேர்த்து ஒரே விருது. கண்ணாடியில் செய்த ஏதோ ஒரு வடிவம். தீச்சுடரா இலையா என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அந்த விழாவைப் பற்றியே பேசினார்கள். “என்ன அருமையான பேச்சு, அளந்து வச்ச மாதிரி” என்றார் சங்கச் செயலாளர்.

அந்தப் பேச்சை எழுதியது நான். எங்கள் குடும்பத்தில் புத்தகம் படிக்கிறவன் நான் ஒருவன்தான். மெக்கானிக்குகள்கூட என்னை முதுகுக்குப் பின்னால் வாத்தியார் என்பார்கள். அண்ணன் முகத்துக்கு நேராகவே சொல்வார். ஆனால் அந்தப் பேச்சில் அண்ணன் கேட்ட ஒரு பத்தியை நான் எழுதவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று தெரியாது.

பதினான்கு வருடத்துக்கு முன்பு, அப்பா இறந்த பிறகு ஷோரூமை அண்ணனும் வொர்க்ஷாப்பை நானும் பார்த்துக்கொள்வது என்று பிரித்துக்கொண்டோம். நான் பொறுப்பேற்ற முதல் மாதம். எங்கள் ஆட்களுக்கு யூனிஃபார்ம் தைக்கும் டெய்லர் ஒருவர் உண்டு. நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிடுவோம். அண்ணனைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர் நாற்பது வயதுக்கு மேல் டிரைவிங் கற்றுக்கொண்டு, பல வருடம் யோசித்து, எங்களிடம் ஒரு நீல நிறக் கார் புக் செய்திருந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு டெலிவரி. முந்தின நாள் சாயங்காலம் அதை வண்டிகள் நிற்கும் யார்டிலிருந்து கழுவும் இடத்துக்கு நானே ஓட்டிவந்தேன். போன் அடித்தது. ஒரு கையால் எடுத்தேன். முன்சக்கரம் கேட் தூணின் அடிக்கட்டையில் ஏறி இறங்கியது.

வெளியே ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. கீறல் விழுந்திருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், வேறு கார் வரவழைத்திருப்போம். அடியில், சக்கரத்தைத் தாங்கும் இரும்புச் சட்டம் லேசாக வளைந்திருந்தது. நியாயமாகப் பார்த்தால் கம்பெனிக்கு எழுதி, அதை அடிபட்ட வண்டி என்று பதிவு செய்திருக்க வேண்டும். பொறுப்பேற்ற முதல் மாதமே அண்ணன் முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு மெக்கானிக்கைக் கூட வைத்துக்கொண்டு, சட்டத்துக்கு நெருப்புக் காட்டி நிமிர்த்தி, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்தேன். அந்த மெக்கானிக் அடுத்த வருடமே வேறு ஊருக்குப் போய்விட்டார். காலையில் அண்ணன் மாஸ்டருக்குச் சாவி கொடுத்தார். மாஸ்டரின் மனைவி முன் இருக்கையில் உட்கார்ந்து சீட்டின் தையலைத் தடவிப் பார்த்து, “உங்க தையலைவிட நல்லா இருக்கு” என்று கணவரைக் கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

மூன்று மாதத்தில் மாஸ்டர் வந்தார்.

“தம்பி, வண்டி ஒரு பக்கமா இழுக்குது.”

சோதித்து, முடிந்த அளவு சரிசெய்து அனுப்பினேன். மறுபடி வந்தார். முன் டயரில் ஒன்று உள்விளிம்பில் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. புது டயர் போட்டோம். அதுவும் தேய்ந்தது. நான்காம் முறை வந்தபோது சர்வீஸ் கவுண்டரில் வேறு வாடிக்கையாளர்களும் நின்றிருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தி, அக்கறையாகச் சொல்வது போல, “மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. வண்டில ஒண்ணும் இல்ல. உங்க ஓட்டுதல்தான் கொஞ்சம் சரியில்லை. லேட்டா கத்துக்கிட்டவங்களுக்கு ஸ்டியரிங்கைப் பிடிச்சு ஒரு பக்கமா இழுக்கிற பழக்கம் வந்துடும்” என்றேன்.

வேறு ஒருவராக இருந்தால் சண்டை போட்டிருப்பார். மாஸ்டர் அப்படிப்பட்டவர் இல்லை. சட்டை பிடிக்கிறது என்று யாராவது சொன்னால், துணி சுருங்கியிருக்கலாம், ஆள் பெருத்திருக்கலாம் என்றெல்லாம் பேசாமல், “நான்தான் அளவு தப்பா எடுத்திருப்பேன், கொடுங்க” என்று வாங்கிக்கொள்கிற மனிதர். நான் சொன்னதையும் அப்படியே வாங்கிக்கொண்டார். தன் இரண்டு கைகளையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு குறை சொல்ல வரவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டுவதைக் குறைத்திருக்கிறார். இரண்டு வருடம் முடிவதற்குள் காரைக் கொண்டுவந்து, “நமக்கு இது ஒத்துவராது முதலாளி, வேற யாருக்காவது கொடுத்திடுங்க” என்று அண்ணனிடம் சாவியை வைத்துவிட்டுப் போனார்.

திரும்ப வாங்கும் காரை அண்ணன் தானே ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் விற்பனைக்கு விடமாட்டார். நீலக் காரை எடுத்துக்கொண்டு போனவர் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். நேராக வொர்க்ஷாப்புக்குள் ஓட்டிவந்து, வண்டியைத் தூக்கும் லிஃப்டில் ஏற்றச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தார். பெயின்ட் உரிந்த இடத்தில் நெருப்புக் காட்டிய தழும்பு தெரிந்தது. எல்லோரையும் டீ குடிக்க அனுப்பினார்.

“இது நம்ம வேலையா?”

“ஆமாண்ணா.”

“எப்போ?”

“டெலிவரிக்கு முதல் நாள்.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டார்ச்சை அணைத்து மேசைமேல் வைத்துவிட்டு, “அந்த மனுஷன் தனக்கு ஓட்டத் தெரியாதுன்னு நம்பிட்டுப் போறாருடா” என்றார். அந்தக் காரை நாங்கள் விற்கவில்லை. பழைய இரும்புக்கு வெட்டிப் போட்டோம்.

ஆனால் மாஸ்டரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று அண்ணன் தள்ளினார். தம்பியைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்பது ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும். அந்தக் காரணத்தின் நிழலில் நான் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வருடம் மாஸ்டரின் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதானது. புதனும் சனியும் டயாலிசிஸ். இரண்டு பஸ் மாறிப் போகிறார்கள் என்று யூனிஃபார்ம் அளவெடுக்க வந்தபோது மாஸ்டர் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த புதன் காலை அண்ணன் டெஸ்ட் டிரைவ் காரை எடுத்துக்கொண்டு அவர்கள் வாசலில் போய் நின்றார். நான்கு வருடம், அந்த அம்மா இறக்கும்வரை, ஒரு நடைகூடத் தவறவில்லை. தனக்குக் காய்ச்சல் வந்தால் அண்ணியை ஓட்டச் சொல்வார், என்னைச் சொல்லமாட்டார். அதே வார்டுக்கு வரும் மற்ற நோயாளிகளும் கேட்க, வண்டி இரண்டாயிற்று, மூன்றாயிற்று. ஷோரூம் திறப்பதற்கு முன் சும்மா நிற்கும் கார்கள்தானே என்பார் அண்ணன். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். மற்ற டீலர்கள் அதே மாதிரி ஆரம்பித்தார்கள். கடைசியில் விருதும் வந்தது.

விருது அறிவித்த மறுநாள் அண்ணன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“வாத்தியாரே, பேச்சை நீதான் எழுதணும். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த வண்டி விடறது எப்படி ஆரம்பிச்சதுன்னு உள்ளபடி எழுது. அன்னிக்கு மாஸ்டரையும் முன் வரிசைல உக்கார வைக்கணும்.”

“அண்ணா, முந்நூறு பேர் இருப்பாங்க. கம்பெனி ஆளுங்க வருவாங்க.”

“வரட்டும்.”

“நம்மகிட்ட முப்பத்திரண்டு பேர் வேலை பார்க்கறாங்க. நாளைக்கு எவன் நம்மகிட்ட கார் வாங்குவான்?”

“உன்னை இழுக்க மாட்டேன். நாங்க செஞ்சோம்னு சொல்லிட்டுப் போறேன். நாங்கதானே செஞ்சோம்?”

முப்பத்திரண்டு பேரை நான் என் பயத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினேன் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும். “சரி, எழுதறேன்” என்றேன். எழுதவும் செய்தேன், பென்சிலில், பதினோரு வரி. தட்டச்சுக்குக் கொடுக்கும்போது அதை எடுத்துவிட்டேன்.

அண்ணனிடம் ஒரு குறை உண்டு. எதிரில் ஒருத்தர் இருந்தால் நிலாவைக்கூட விற்றுவிடுவார். நூறு பேர் இருந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தாளில் இருப்பதை அப்படியே படிக்கத்தான் வரும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் தாள்களை மண்டப வாசலில், கார் கதவைத் திறக்கும்போது, அவர் கையில் கொடுத்தேன். “இருக்கில்ல?” என்று கேட்டார். “இருக்குண்ணா” என்றேன்.

விழாவுக்கு அவர் போட்டிருந்த கோட்டும் மாஸ்டர் தைத்ததுதான். அண்ணனுக்கு ஒரு தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அது தெரியாதபடி உள்ளே துணி வைத்துத் தைத்திருந்தார். முன் வரிசையில் உட்கார்ந்து, மேடையில் இருந்தவரின் முகத்தைவிடத் தோளைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் படித்தார். அப்பாவைப் பற்றி, கடையைப் பற்றி, ஊழியர்களைப் பற்றி. “ஒரு புதன்கிழமை காலையில் இது ஆரம்பித்தது” என்ற வரி வந்தது. அதற்கு அடுத்து வரவேண்டிய பத்தி தாளில் இல்லை. அண்ணன் தாளைத் திருப்பினார். திரும்ப முன்பக்கம் வந்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்துச் சபை கைதட்டியது. கைதட்டல் ஓய்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைத் தேடினார். நான் மண்டபத்தின் பக்கவாட்டுச் சுவரில் மாட்டியிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மீதியைப் படித்து முடித்தார்.

திரும்பி வரும்போது காரில் அவர் என்னைத் திட்டவில்லை. வீடு நெருங்கும்போது மட்டும், “மேடை வேண்டாம்னா விடு. நேர்ல போய்ச் சொல்லிடுவோம். நீயும் வா” என்றார்.

“சரிண்ணா.”

அந்தப் பத்தொன்பது நாளில் இரண்டு தடவை கேட்டார். முதல் தடவை மாதக் கடைசி, வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்றேன். இரண்டாம் தடவை எனக்கு ஜலதோஷம்.

அண்ணன் போய் ஒரு மாதம் கழித்து, அண்ணி அவருடைய அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தார். கோட்டை மடித்து வைக்கும்போது என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“மாஸ்டர்கிட்ட ஏதோ சொல்லணும், தம்பி வரட்டும்னு காத்திருக்கேன்னு சொல்லிட்டே இருந்தார். சொன்னாரா?”

“இல்ல அண்ணி.”

“அப்ப நீ போய்ச் சொல்லு. உனக்காகத்தானே காத்திருந்தார்.”

அவருக்கு விஷயம் முழுதும் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே போனேன்.

மாஸ்டரின் கடை ஒரே அறை. வெட்டும் மேசை, இரண்டு தையல் இயந்திரம், மூலையில் இஸ்திரிப் பெட்டி. எங்கள் ஆட்களின் பேன்ட் துணியைத்தான் சாக்பீஸால் கோடிட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க தம்பி. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க. புதுசா ரெண்டு பசங்க சேர்ந்திருக்காங்களாமே, அளவுக்கு அனுப்புங்க. போன தடவை ஒருத்தன் வயித்தை எக்கிட்டு நின்னு அளவு கொடுத்துட்டான். இப்ப பட்டன் போட மாட்டேங்குதுன்னு வந்து நிக்கிறான்.”

நான் சிரிக்கவில்லை. உட்காராமல் நின்றபடியே ஆரம்பித்தேன்.

“மாஸ்டர், உங்க நீலக் காரைப் பத்திச் சொல்லணும்.”

“அது எப்பவோ போச்சே.”

“அது ஒரு பக்கமா இழுத்தது உங்க கையால இல்ல. டெலிவரிக்கு முதல் நாள் நான் அதை கேட் தூண்ல இடிச்சிட்டேன். அடியில வளைஞ்சுது. நிமிர்த்தி, பெயின்ட் அடிச்சு, உங்களுக்குக் கொடுத்திட்டேன். உங்க ஓட்டுதல் சரியில்லைன்னு நான் சொன்னது பொய்.”

சாக்பீஸ் நின்றது. அவர் கோடு போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முதலாளிக்குத் தெரியுமா?”

“நீங்க வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்னிக்குத் தெரிஞ்சுது.”

“அதாவது, அவ நோயில விழறதுக்கு முன்னாடியே.”

“ஆமா.”

வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. மாஸ்டர் மெதுவாகப் பேசினார்.

“ஆஸ்பத்திரிக்கு முதலாளி ஓட்டுவார், நாங்க ரெண்டு பேரும் பின்னால உக்காந்திருப்போம். அவ சொல்லுவா, ‘உங்களுக்கு மட்டும் ஒழுங்கா ஓட்ட வந்திருந்தா முதலாளியை இப்படி அலைய விட வேண்டாமே’ன்னு. கிண்டலாத்தான். நான் சிரிப்பேன். முதலாளி மட்டும் சிரிக்க மாட்டார். நான் என்னடா இது, இந்த ஜோக் அவருக்குப் பிடிக்கலை போலன்னு நினைச்சுப்பேன்.”

“அண்ணன் மேடையிலயே சொல்லணும்னு நினைச்சார் மாஸ்டர். நான்தான் அந்தப் பத்தியை எடுத்திட்டேன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார், இல்லை என்பது போல.

“அண்ணன் போன துக்கத்துல நீங்க ஏதேதோ சொல்றீங்க.”

“சத்தியமா நிஜம்.”

“நான் ஒரு தடவை பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டரை மிதிச்சிருக்கேன், தெரியுமா? ரிவர்ஸ்ல ஒரு பூந்தொட்டியை உடைச்சேன். அதெல்லாமும் நீங்க இடிச்சதாலயா? என் ஓட்டுதல் சரியில்லைதான் தம்பி.”

“மாஸ்டர்...”

“சரியில்லைதான். அப்படியே இருக்கட்டும். இல்லைன்னா நாலு வருஷம் அவளை நானே முன் சீட்ல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்னு ஆயிடும். அதை இந்த வயசுல நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

அவர் சாக்பீஸை எடுத்து விட்ட கோட்டைத் தொடர்ந்தார். கோடு நேராகவே போயிற்று.

“முதலாளி வந்து சொல்லியிருந்தா வேற” என்றார் கோட்டை முடித்துவிட்டு. “அவரைத் திட்டியிருப்பேன். நல்லா திட்டியிருப்பேன். ஒரு வாரம் பேசாம இருந்திருப்பேன். அவரும் வாசல்ல வந்து நின்னிருப்பார். இப்ப யாரைத் திட்டறது?”

“என்னைத் திட்டுங்க.”

“உங்களைத் திட்ட வாய் வரலை தம்பி.” அதில் கோபம் இல்லை, மன்னிப்பும் இல்லை. நீளம் போதாத துணியைத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்வது போலச் சொன்னார். “பேன்ட் வியாழக்கிழமை ரெடியாயிடும். ஆளை அனுப்புங்க.”

நான் அங்கேயே நின்றிருந்தேன். அவர் துணியைச் சுருட்டினார், இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார், விளக்கை அணைத்தார். நாங்கள் வெளியே வந்ததும் ஷட்டரை இறக்கிப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

என் காரின் கதவைத் திறந்தேன். “ஏறுங்க மாஸ்டர், வீட்டுல விட்டுடறேன்.”

“வேண்டாம் தம்பி. பழகிப்போச்சு.”

நடைபாதை ஓரமாக, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முனையில் திரும்பி மறைந்தார். அவர் கடையிலிருந்து வீட்டுக்கு நடக்க நாற்பது நிமிடம் ஆகும்.